சொத்துப் பட்டியலில் விடுபட்ட வரி

செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் ஆண்டுதோறும், கனடாவைப் பிரான்சு ஆண்ட 'புதிய பிரான்சு' காலத்து வாழ்க்கையை நடித்துக் காட்டும் கோடை விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

விழா முடிந்த மறுவாரமே இதைப் பிரெஞ்சில் சுருக்கி உங்களுக்கு எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த ஆண்டும் வருக' என்று பதில் வந்தது. வருவேன். அதற்கு முன்பு, சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பாதி உங்களுக்கு, பாதி எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு. உங்கள் ஊரின் பெயரையும் விழாவின் பெயரையும் எழுதவில்லை. கியூபெக் மாநிலத்தில் கோடை வந்தால் வேடம் கட்டும் ஊர்கள் ஒன்றிரண்டு அல்ல. நான் கண்டதை உங்கள் ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நான் மாண்ட்ரியலில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். இந்தக் கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்கு நயாகராவும் பிடிக்கவில்லை, மாடிக் கட்டடங்களும் பிடிக்கவில்லை. "எல்லாம் தூரத்தில் நின்று பார்ப்பதாகவே இருக்கிறது, தம்பி" என்றார். கையால் தொட்டுப் பார்க்கும்படி ஏதாவது வேண்டுமே என்று யோசித்தபோதுதான் உங்கள் விழா நினைவுக்கு வந்தது. ஆகஸ்ட் முதல் தேதி காலை பஸ் பிடித்து வந்தோம். அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குறை சொல்லவே டிக்கெட் வாங்கியவன் என்று நினைப்பீர்கள்.

நுழைவாயிலில் டாலரை வாங்கிக்கொண்டு சீட்டுக்கட்டு அட்டைகளைக் கொடுத்தீர்களே, அங்கேயே அம்மா விழுந்துவிட்டார். 1685இல் பிரான்சிலிருந்து வரவேண்டிய காசு கப்பலில் வந்து சேரவில்லை, படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை; நிர்வாக அதிகாரியாக இருந்த ஜாக் தெ மெல் விளையாட்டுச் சீட்டுகளை எடுத்து, தொகையை எழுதிக் கையெழுத்திட்டு அதையே பணமாக்கினார் என்று வாயிலில் நின்ற பெண் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். "எங்கள் சித்தப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் வீட்டை விற்றிருக்க வேண்டாமே" என்றார் அம்மா. கையில் ஆட்டின் எட்டும் டைமண்ட் ராணியும். ராணியைக் கடைசிவரை செலவழிக்கவில்லை. இப்போதும் எங்கள் குளிர்ப்பெட்டியின் மேல்தான் இருக்கிறது.

களிமண் அடுப்பில் சுட்ட ரொட்டி. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு எங்கள் ஊர் விறகடுப்பு ரொட்டிக்கடையின் பெயரைச் சொன்னார். பட்டாணி சூப்பில் உப்புப் பன்றி இருந்ததால் அவர் சாப்பிடவில்லை. ஸ்ப்ரூஸ் மரக்கிளையில் காய்ச்சிய பானத்தை ஒரு மிடறு குடித்துவிட்டு "கஷாயம்" என்று தீர்ப்புச் சொன்னார். துப்பாக்கிக்காரர்கள் வரிசையாக நின்று சுட்டபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழு துப்பாக்கியில் நான்குதான் வெடித்தது; மற்ற மூவர் சக்கிமுக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். அதை மறைக்காமல், "அன்றைக்கும் இப்படித்தான், மழை வந்தால் பாதிப் படைக்கு விடுமுறை" என்று தளபதி வேடக்காரர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. உண்மை அசட்டுத்தனமாக இருந்தாலும் அதை அப்படியே காட்டுகிறீர்கள். கம்பளிச் சட்டையை ஆகஸ்ட் வெயிலில் போட்டுக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறீர்கள். பித்தான்கூட எலும்பில் கடைந்தது. இவ்வளவு கறாராக இருப்பவர்கள் என்பதால்தான் பின்னால் சொல்லப்போகும் விஷயம் என்னை உறுத்தியது. அலட்சியமாக நடத்தும் விழாவாக இருந்தால் ரொட்டியைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்திருப்பேன்.

தொப்பிக்காரரிடம் அரைமணி நேரம் நின்றோம். பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலில் இரண்டு வகை மயிர். மேலே முரடு, அடியில் பஞ்சு. அடிமயிரில்தான் தொப்பிக்கான கம்பளி அடிக்க முடியும். பூர்வகுடி மக்கள் ஓரிரு குளிர்காலம் மேலாடையாகப் போர்த்திய தோலில் முரட்டு மயிர் தானாக உதிர்ந்திருக்கும். அதனால் புதுத் தோலைவிட அந்தப் பழைய தோலுக்குத்தான் விலை அதிகம் என்றார். உடுத்திக் கழித்த துணியை அதிக விலை கொடுத்து வாங்கிய வியாபாரம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. "யார் வாங்கினார்கள்?" என்று அம்மா கேட்கச் சொன்னார். "கம்பெனிதான். இந்தியக் கம்பெனி" என்றார் தொப்பிக்காரர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நம் கும்பினியா?"

அதே கும்பினிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் கனடாவின் பீவர் தோலை ஏற்றுமதி செய்யும் ஏகபோக உரிமை எந்தப் பிரெஞ்சு இந்தியக் கம்பெனியிடம் இருந்ததோ, அந்தக் கம்பெனிதான் புதுச்சேரியையும் ஆண்டது. துய்ப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில், அவருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை எங்கள் ஊரில் உட்கார்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்; 1736இல் தொடங்கி 1761இல் சாகும்வரை எழுதினார். அவர் செத்த அதே மாதத்தில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்தது, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கியூபெக் விழுந்தது 1759இல், மாண்ட்ரியல் 1760இல். பிறகு 1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில் உங்கள் நாடு ஆங்கிலேயருக்குப் போயிற்று, எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பிற்று. ஒரே காகிதத்தில் எழுதி வாங்கிப் பிரித்துக்கொண்ட சொத்து நாம் இருவரும். நான் உங்களுக்கு மடல் எழுதுவதில் வியப்பில்லை, ஒருவகையில் பங்காளி.

பங்காளி என்றால் சண்டையும் உண்டு.

துணிக்கடைக்கு வந்தோம். மேசையில் பூவேலைப் பருத்தித் துணிகள், மார்க்கச்சைகள், தோள் சால்வைகள். 'அந்தியென், இந்தியப் பாணித் துணி, வசதியான பெண்கள் உடுத்தியது' என்று அட்டை எழுதி வைத்திருந்தீர்கள். அம்மா எதையும் படிக்கவில்லை. துணியை எடுத்தார், முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "இயந்திர அச்சு" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தார். கடையில் இருந்த பெண்ணுக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. ஏன் திருப்பிப் பார்த்தார் என்று கேட்டார்.

அம்மாவின் பிறந்த வீடு முத்தியால்பேட்டையில், நெசவுக்காரர் தெருவில். கையால் தீட்டிய துணியில் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கும், பின்பக்கத்திலும் பூ தெரியும் என்றார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது, படிகாரம் தொட்ட கோலால் கோடிழுப்பது, சாயவேரில் காய்ச்சினால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாவது, நீலத்துக்கு மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது, வெயிலில் காயவைத்து நீர் தெளித்து வெளுப்பது என்று ஒரு துணிக்கு வாரக்கணக்கில் வேலை. இதையெல்லாம் அம்மா கைகளாலேயே சொன்னார், நான் பிரெஞ்சில் பாதி சொன்னேன். சாயவேருக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது.

சோழமண்டலக் கடற்கரையிலிருந்து போன இந்தத் துணிகளுக்கு அஞ்சி, தங்கள் பட்டு நெசவாளரையும் கம்பளி நெசவாளரையும் காப்பாற்ற, பிரான்சு அரசு 1686 முதல் 1759 வரை அச்சுப் பருத்தித் துணியையே தடை செய்து வைத்திருந்தது. அப்படியும் பெண்கள் உடுத்தினார்கள், வீட்டுக்குள் உடுத்தினார்கள், கடத்தல்காரர்கள் கொழுத்தார்கள். உங்கள் முன்னோர் வீட்டுச் சொத்துப் பட்டியல்களிலும் அந்தியென் துணி வருகிறது. இவ்வளவு கதை உள்ள துணிக்கு 'இந்தியப் பாணி' என்ற இரண்டு சொல் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பாணி என்றால் அதைச் செய்த ஆள் தேவையில்லை அல்லவா?

இது சின்னக் குறை. பெரியது வணிகர் வீட்டில்.

அந்தக் கல்வீடு அழகு. கணப்பில் செம்புக் கொப்பரை தொங்கியது. மூன்று ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். அம்மா அடுக்களையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளே வெள்ளை ஏப்ரனுடன் நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து, "இவ்வளவு பெரிய வீட்டில் பாத்திரம் துலக்கியது யார் என்று கேள்" என்றார். கேட்டேன். "வீட்டுக்காரம்மாவும் மகள்களும்தான், மிகுந்த உழைப்பாளிகள்" என்று பதில். அம்மா நம்பவில்லை. கொப்பரையின் அடியைக் காட்டி, "வீட்டுக்காரம்மா துலக்கினால் இவ்வளவு பெரிதாக வாங்கியிருக்க மாட்டாள்" என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த அறையில் நோட்டரி வேடத்தில் ஒரு பெரியவர். இறகுப் பேனாவை மையில் தோய்த்து, வீட்டுக்காரர் இறந்தபின் எழுதும் சொத்துப் பட்டியலை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். என் தொழில் அதுதானே, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இறகு மெத்தை ஒன்று. செம்புக் கொப்பரை ஒன்று. ஈயத் தட்டுகள் பன்னிரண்டு. கறவை மாடு ஒன்று, வயது எட்டு. ஒவ்வொன்றின் எதிரிலும் விலை. கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது.

"வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டேன்.

"கரண்டி முதற்கொண்டு, ஐயா."

"ஆட்களையும்?"

பேனாவை வைத்துவிட்டார். அதுவரை பேசிய பழைய பிரெஞ்சு போய்விட்டது. "ஆமாம்" என்றார், தாழ்ந்த குரலில். "இருந்த வீடுகளில் எழுதியிருக்கிறார்கள். மாட்டையும் பாத்திரத்தையும் எழுதுகிற அதே பட்டியலில். எங்களிடம் கொடுத்த மாதிரிப் பட்டியலில் அந்த வரி இல்லை. நானும் கேட்டேன், விழாவுக்கு அது வேண்டாம் என்றார்கள்."

அந்தப் பெரியவரைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களில் யார் என்று உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது. வேடம்கூட நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நீங்கள் கொடுத்த பதில்தான் தவறு.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 1709 ஏப்ரல் 13ஆம் தேதி நிர்வாக அதிகாரி ஜாக் ரொதோ பிறப்பித்த ஆணை, விலைக்கு வாங்கிய கறுப்பினத்தாரும் 'பானி' எனப்பட்ட பூர்வகுடி அடிமைகளும் வாங்கியவருக்கே முழுச் சொத்து என்று சட்டமாக்கியது. பானி என்பது மேற்கே இருந்த ஓர் இனத்தின் பெயர். பிறகு எந்த இனத்திலிருந்து பிடித்து வந்தாலும் அடிமை என்றால் பானி என்று ஆகிவிட்டது. என் காதில் அது 'பணி' என்றே விழுகிறது. மார்செல் த்ருதெல் என்ற உங்கள் வரலாற்றாசிரியர் ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, நோட்டரி ஏடு எல்லாவற்றையும் புரட்டி 1960இல் புத்தகம் போட்டார். அவரும் பின்னால் தொடர்ந்து தேடியதில் சேர்ந்த எண்ணிக்கை ஏறத்தாழ 4,200 பேர். மூன்றில் இரண்டு பங்கு பூர்வகுடியினர். அந்தப் பூர்வகுடி அடிமைகள் இறந்தபோது சராசரி வயது பதினெட்டைக்கூடத் தொடவில்லை. பெரும்பாலோர் இருந்தது வயல்களில் அல்ல, ஊர்களில், வீடுகளுக்குள், அடுக்களைகளில். அம்மா நின்று கொப்பரையைப் பார்த்த இடத்தில்தான்.

பெயர் தெரியாதே என்ற சாக்கும் இல்லை. த்ருதெல் 1990இல் அடிமைகளின் பெயர்களையும் உடைமையாளர்களின் பெயர்களையும் அகராதியாகவே தொகுத்து வெளியிட்டுவிட்டார். 1663 முதல் 1673 வரை அரசர் செலவில் மணப்பெண்களாக வந்து இறங்கிய எழுநூற்றுச் சொச்சம் பெண்களின் பெயர்களை நீங்கள் ஊர் ஊராகச் சொல்கிறீர்கள். 'அரசரின் மகள்கள்' கூடாரத்தில் ஒரு பாட்டி என்னிடம் தன் பதினோராம் தலைமுறைப் பாட்டியின் பெயர், வந்த கப்பல், கொண்டுவந்த பெட்டியில் இருந்த ஊசிகள்வரை சொன்னார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பைக் கண்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏடு இருந்தால் நினைவு இருக்கும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த ஏட்டை மட்டும் ஏன் திறக்கவில்லை?

'குடும்பத்தோடு வரும் விழா, குழந்தைகள் இருக்கிறார்கள்' என்று உங்கள் ஊழியர் ஒருவர் என்னிடம் சொன்னார். சரி. அதே குழந்தைகள் சதுக்கத்தில் தொழுமரத்தில் தலையையும் கையையும் மாட்டிக்கொண்டு நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள், வரிசையில் நின்று. அம்மாவும் எடுத்துக்கொண்டார், கொண்டைக்கு மேல் நீங்கள் கொடுத்த வெள்ளைத் துணித் தொப்பியோடு. சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தண்டனை விளையாட்டாகலாம், தண்டனை பெற்றவர் பெயர் மட்டும் ஆகாதா? 1734 ஏப்ரல் 10ஆம் தேதி மாண்ட்ரியலில் தீப்பிடித்து நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளும் மருத்துவமனையும் எரிந்தன. போர்ச்சுகலில் பிறந்த கறுப்பின அடிமைப்பெண் மரி ஜொசெஃப் ஆஞ்செலிக் மேல் பழி விழுந்தது. ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் சாட்சியமும் சேர்ந்து, சித்திரவதைக்குப் பின் ஜூன் 21ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். தூக்கிலிட்டவர் மாத்தியு லெவெயே. அவரும் அடிமை, மார்த்தினிக் தீவிலிருந்து இந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்டவர். இந்தக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து 1743இல் இறந்தார். உங்கள் தொழுமரத்தின் அருகே எந்தப் பெயரும் இல்லை. படம் எடுத்தால் பதிவிட வேண்டிய முகவரி மட்டும் இருந்தது.

இன்னொன்று. மாண்ட்ரியல் சரணடைந்தபோது எழுதிய நிபந்தனைகளில் 47ஆவது என்ன என்று உங்கள் தளபதி வேடக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஆண் பெண் இருபாலிலும் உள்ள கறுப்பினத்தாரும் பானிகளும் தங்கள் பிரெஞ்சு, கனடிய எஜமானர்களுக்கே அடிமைகளாக நீடிப்பார்கள் என்பது அது. நாடே கைமாறுகிற நேரத்தில், தோற்றவர் மறக்காமல் கேட்டு வாங்கிய உறுதி இது. வென்றவரும் தயங்காமல் கொடுத்தார். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதை வாசித்தபோது எனக்கு வியர்த்தது. எத்தனை நிதானமான கணக்கு.

ஆங்கிலப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த நாள் 1834 ஆகஸ்ட் 1. கனடா நாடாளுமன்றம் 2021இல் அதை விடுதலை நாளாக ஏற்றது. நாங்கள் பஸ் ஏறி வந்த நாள். அன்று முழுக்க உங்கள் ஒலிபெருக்கி பாட்டு, பரிசு, தொலைந்த குழந்தை என்று எல்லாவற்றையும் சொன்னது. இதைச் சொல்லவில்லை.

பிறர் துயரத்தை வேடிக்கையாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் விட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். அதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அந்த வலி உங்களுக்கும் தெரியும். கியூபெக் ஆங்கிலேயரிடம் விழக் காரணமான ஆபிரகாம் சமவெளிச் சண்டையின் 250ஆம் ஆண்டை ஒட்டி 2009இல் அதை நடித்துக் காட்டப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தபோது, எங்கள் தோல்வியைச் சுற்றுலாக் காட்சி ஆக்குவதா என்று கியூபெக் கொதித்தது, பிப்ரவரியில் கைவிட்டார்கள். அந்தக் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்போது கைவிட்டது நாடகத்தை மட்டும். 1759 செப்டம்பர் 13 யாருக்கும் மறந்துபோகவில்லை, சமவெளியில் கல்லும் பலகையும் இருக்கின்றன, பள்ளியில் பாடம் இருக்கிறது. இங்கே நாடகமும் இல்லை, பலகையும் இல்லை.

அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். 1926இலிருந்து ராக்ஃபெல்லர் பணத்தில் ஒரு காலனிக்கால ஊரையே நிறுத்திவைத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊர் மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தார். 1979வரை அவர்களாக நடிக்க ஆள் இல்லை. 1994 அக்டோபரில் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள். எதிர்க்க வந்தவர்களில் ஒருவரே பார்த்தபின் மனம் மாறினார். அப்படி ஓர் ஏலம் உங்கள் சதுக்கத்தில் நடக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ரொட்டிக்கும் வயலினுக்கும் நடுவே அதைத் தாங்க முடியாது. அதற்கு வேண்டிய பயிற்சி, அதை நடிக்க உரிமையுள்ளவர்கள், அவர்களின் சம்மதம் எல்லாம் வேறு காரியம்.

நான் கேட்பது ஒரு வரி. நோட்டரியின் பட்டியலில் அந்த ஒரு வரியைத் திரும்பச் சேருங்கள். ஏட்டில் இருக்கிற ஓர் உண்மையான பெயர், வயது, விலை. அவர் எழுதிக்கொண்டே வாசிப்பார். கறவை மாடு ஒன்று, வயது எட்டு என்று சொன்ன அதே குரலில். வேடம் வேண்டாம், அழுகை வேண்டாம். கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு அடுக்களையில் யாராவது 'பாத்திரம் துலக்கியது யார்' என்று கேட்டால், வெள்ளை ஏப்ரன் பெண்களுக்கும் பதில் இருக்கும்.

வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிய, வென்டாட் என்ற பூர்வகுடியினரின் கூடாரத்தையும் கொஞ்சம் உள்ளே கொண்டுவாருங்கள். அங்கே இருந்த பெண்மணி மட்டும்தான் விழாவிலேயே வேடம் போடாதவர், ஜீன்ஸ் அணிந்திருந்தார். "நான் 1740லிருந்து வரவில்லை, வென்டேக்கிலிருந்து காரில் வந்தேன், கியூபெக் நகரத்தைத் தாண்டி" என்று சிரித்தார். 1701இல் மாண்ட்ரியலில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான இனங்கள் கூடிச் செய்த பெரிய சமாதானத்தில், ஒவ்வோர் இனமும் தன் கையெழுத்தாக ஒரு விலங்கையோ பறவையையோ வேறு சின்னத்தையோ வரைந்திருந்ததன் படியைக் காட்டினார். அம்மா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, ஆமை, கரடி என்று அடையாளம் சொன்னார், அந்தப் பெண்மணி பிரெஞ்சில் சொன்னார், நான் தேவைப்படவில்லை. அந்தக் கூடாரத்துக்கு நாங்கள் போனபோது எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை, கழிவறை எங்கே என்று கேட்டு வந்த இருவரைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

இனி எங்கள் ஊர்க்காரர்களுக்கு. நீங்கள் சிரித்துக்கொண்டு படித்திருந்தால் சற்று நிறுத்துங்கள். சிவப்புத் தொப்பி போலீஸ், நீலப் பலகையில் தெருப்பெயர், மஞ்சள் சுவர், ஜூலை 13 இரவு சொல்தாக்களின், அதாவது பழைய பிரெஞ்சுப் படைவீரர்களின், விளக்கு ஊர்வலம் எல்லாம் நமக்கும் உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்து வைத்ததையே இன்று விடுதி விளம்பரத்தில் அழகாகப் போடுகிறோம். அந்தக் கடற்கரையிலிருந்துதான் பதினெட்டாம் நூற்றாண்டில் நம் ஆட்களை பூர்போன் தீவுக்கும் (இன்றைய ரீயூனியன்) மொரீசியசுக்கும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். புதுச்சேரி நீலத்துணியைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில் ஆளை வாங்கினார்கள். மாலைநேரம் அதே கடற்கரையில் எத்தனையோ முறை சுண்டல் வாங்கித் தின்றிருக்கிறேன். முப்பது வயதுவரை இது எனக்குத் தெரியாது. துய்ப்ளேக்ஸ் சிலையைத் தெரியும், ஒரு கப்பலின் பெயரோ அதில் போன ஒருவரின் பெயரோ தெரியாது. ஆகவே கியூபெக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் போய்விட முடியாது. அவர்களிடம் கேட்கும் அதே ஒரு வரியை நம் நகராட்சியிடமும் கேட்பதற்கு அடுத்த மடலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்கு 'கருத்துக்கு நன்றி' என்ற பதிலாவது வருமா என்று பார்க்க வேண்டும்.

குழுவினரே, உங்களிடமே திரும்புகிறேன். துணிக்கடைப் பெண்ணுக்கு அம்மா ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார், என்னைக் கேட்காமலே. கும்பகோணத்துக்கு அருகே கருப்பூர்க் கலம்காரி இன்னும் கையால் தீட்டுகிறார்கள். அதில் இரண்டு கெஜம் வாங்கி அனுப்புகிறேன் என்று. ஊர் திரும்பிய பத்தாம் நாளே வாங்கிவிட்டார். உறவுக்காரப் பையன் ஒருவன் படிக்க வரும்போது அவன் பெட்டியில் வருகிறது, உங்கள் அலுவலக முகவரிக்கு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். விலை வேண்டாம். அட்டையில் 'இந்தியப் பாணி' என்பதை அடித்துவிட்டு, தீட்டியவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். துணியோடு ஒரு துண்டுச் சீட்டில் அனுப்பியிருக்கிறார். மேசையில் விரிக்கும்போது ஒரு முனையைப் பின்பக்கம் தெரியும்படி மடித்துவிடச் சொன்னார்.

இப்படிக்கு,
மாண்ட்ரியலிலிருந்து ஒரு புதுச்சேரிக்காரன்